றொபேட் ஆடாத ஆட்டம்

ரொறன்ரோ லோறன்ஸ் அவெனியூ டோனற் கடையில் யன்னலோர மேசை பஸ்ரியனுடையது என்று எழுதி ஒட்டாத குறைதான். ஓய்வு பெற்ற பிறகும் சனிக்கிழமைக் காலைகளில் அங்கே போய் இருப்பதை அவர் விடவில்லை. தொழிற்சாலையில் இரவு வேலை முடித்த தமிழ்ப் பொடியன்கள் கோப்பி குடிக்க அங்கேதான் வருவார்கள். போர்மன் ஏசினான், லீவு தர மறுக்கிறார்கள், கையுறை கேட்டால் சிரிக்கிறார்கள் என்று ஆளுக்கொரு முறைப்பாடு இருக்கும். அதே தொழிற்சாலையில் நீண்ட காலம் யூனியன் பிரதிநிதியாக இருந்த மனிதர் என்பதால் ஒவ்வொன்றுக்கும் அவரிடம் ஒரு வழி இருந்தது.

1995 பங்குனி மாதம் அப்படியொரு சனிக்கிழமையில் அருள்நாயகம் பேப்பரும் கையுமாக வந்தான். அகதியாக வந்து சில வருடங்கள்தான் ஆகியிருந்தன. பஸ்ரியன்தான் அவனைத் தொழிற்சாலையில் சேர்த்துவிட்டவர். ஆங்கிலம் பிடிபடட்டும் என்று நாள்தோறும் பேப்பர் வாங்குவான். படங்கள் கூட இருப்பதால் விளையாட்டுப் பக்கத்திலிருந்துதான் தொடங்குவான்.

"பஸ்ரியன் அண்ணை, உது உங்கடை றொபேட் எல்லோ?"

பஸ்ரியன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். புளோரிடா வெயிலில் எடுத்த படம். பேஸ்போல் உடுப்புப் போட்ட ஆட்கள் ஒரு வரிசையாக நின்றார்கள். நடுவில் முகமூடியைத் தலைக்கு மேலே தள்ளிவிட்டு, மார்புக் கவசத்தோடு, கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றவன் அவருடைய மகன் றொபேட்தான். உடம்பில், பேஸ்போலில் எல்லாவற்றுக்கும் மேலான மேஜர் லீக் அணியின் உடுப்பு. படத்துக்குக் கீழே பெயரும் அச்சாகியிருந்தது.

"வாழ்த்துக்கள் அண்ணை" என்றான் அருள்நாயகம், முகமெல்லாம் மலர்ந்து. "இவ்வளவு காலமும் சின்ன லீக்கிலை கிடந்து மாரடிச்ச மனுசன், கடைசியிலை மேலை போயிட்டார். எங்களுக்கு ஒரு பார்ட்டி வையுங்கோ."

பஸ்ரியன் படத்துக்கு மேலே இருந்த பெரிய எழுத்தை வாசித்தார். பிறகு மறுபடி வாசித்தார். 'பதில் ஆட்டக்காரர்கள்' என்று இருந்தது.

அருள்நாயகத்துக்கு விஷயம் விளங்கவில்லை. பஸ்ரியனுக்கு விளங்கியது. போன ஆவணியிலிருந்து மேஜர் லீக் ஆட்டக்காரர் எல்லாரும் வேலைநிறுத்தத்தில் இருந்தார்கள். இலையுதிர் காலத்துப் பெரிய போட்டிகூட நடக்காமல் போயிருந்தது. முதலாளிமார் விட்டுக்கொடுக்கவில்லை. சித்திரையில் ஆட்டங்களைத் தொடங்கியே தீருவோம் என்று, ஓய்வுபெற்றவர்களையும் கீழ் லீக்கில் கிடந்தவர்களையும் கூட்டிவந்து உடுப்புப் போட்டுவிட்டிருந்தார்கள். வேலைநிறுத்தக்காரனின் இடத்தில் போய் நிற்கிறவனுக்குத் தமிழில் ஒரு சொல் இருக்கிறது. கருங்காலி. பஸ்ரியன் தன் வாழ்நாளில் அந்தச் சொல்லை ஒரேயொரு மனிதனுக்குத்தான் முகத்துக்கு நேரே சொல்லியிருந்தார்.

"என்ன அண்ணை, ஒரு மாதிரி இருக்கிறியள்? தண்ணி கொண்டு வரட்டோ?"

"வேண்டாம்" என்று எழும்பினார். கோப்பி அப்படியே இருந்தது. வெளியே உருகிய பனி சேறாகக் கிடந்தது. வீட்டுக்குத் திரும்புகிற தெருவைத் தாண்டி நேரே நடந்துகொண்டிருக்கிறார் என்பது விக்ரோறியா பார்க் சந்தியில் சிவப்பு விளக்கு எரிந்து, ஒரு கார்க்காரன் ஹோர்ன் அடித்தபோதுதான் அவருக்குத் தெரிந்தது.

றொபேட்டின் கதை தெரியாமல் பஸ்ரியனின் அதிர்ச்சி விளங்காது.

காங்கேசன்துறை சீமெந்துத் தொழிற்சாலையில் இயந்திரம் பொருத்துகிற பிற்றராக இருந்த பஸ்ரியன், 1968இல் மனைவி வேரோனிக்காவோடும் எட்டு வயது மகனோடும் ரொறன்ரோவுக்கு வந்தவர். மகன் போன பள்ளிக்கூடத்தில் அப்போது வேறு தமிழ்ப் பிள்ளை கிடையாது. மற்றப் பிள்ளைகள் பேஸ்போல் விளையாடினார்கள், இவனும் விளையாடினான். மட்டை பிடிப்பவனுக்குப் பின்னால் முகமூடியோடு குந்தியிருந்து, வருகிற பந்தையெல்லாம் பிடிக்கிறவனைக் கச்சர் என்பார்கள். முழங்கால் தேயும், விரல் முறியும். ஒருவரும் விரும்பாத அந்த இடத்தைப் புதிதாக வந்த கறுத்தப் பொடியனுக்குக் கொடுத்தார்கள். அதுவே அவனுடைய பிழைப்பாயிற்று. பதினெட்டு வயதில் ஓர் அமெரிக்க அணி வைத்த தேர்வில் எடுபட்டான். அதன் பிறகு பன்னிரண்டு வருடம் கீழ்ப் படியான மைனர் லீக். வரைபடத்தில் தேடிப் பிடிக்க வேண்டிய ஊர்கள், முதுகு உளைய உளையப் பஸ் பயணம், முறிந்து கோணலாகப் பொருந்திய விரல்கள். கலியாணப் பேச்சு எடுத்தால் "அடுத்த வருசம் அம்மா" என்பான்.

மேஜர் லீக்கை அவன் ஒரேயொரு தடவை தொட்டான். 1985 செப்ரெம்பரில் ஒரு மாதத்துக்கு மேலே கூப்பிட்டார்கள். அந்த மாதமே அணி ரொறன்ரோவுக்கு ஆட வந்தது. பஸ்ரியன் தொழிற்சாலைச் சிநேகிதரையெல்லாம் கூட்டிக்கொண்டு எக்ஸிபிஷன் ஸ்ரேடியத்துக்குப் போனார். ஏரிக்காற்று பல்லைக் கிட்ட வைத்தது. ஆட்டத்தின் கடைசிக் கட்டத்தில் றொபேட் மட்டையோடு வெளியே வந்து, அடுத்து அடிக்கப் போகிறவன் நிற்கிற வட்டத்தில் நின்றான். வேரோனிக்கா செபமாலையை எடுத்தாள். முன்னால் நின்றவன் அடித்த பந்து நேரே ஒருவன் கைக்குள் போனது, ஆட்டம் முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு ஒருநாளும் அவனைக் களத்துக்கு அனுப்பவில்லை. மாதம் முடிய, திரும்பக் கீழே. ஒரு பந்தையாவது சந்தித்திருந்தால் மேஜர் லீக்கில் ஆடியவர்களின் பெயர் வரிசையில் அவனும் இருந்திருப்பான். இல்லை.

ஆனால் அந்த ஒரு மாதமும் அவன் ஆட்டக்காரர் யூனியனில் அங்கத்தவன். பஸ்ரியனுக்கு உடுப்பைவிட அதுதான் பெரிது. "இப்ப எங்கடை வீட்டிலை ரெண்டு யூனியன்காரர்" என்று தொழிற்சாலை முழுக்கச் சொல்லித் திரிந்தார்.

முழங்கால் இனி ஏலாது என்றபோது அதே அணி அவனைத் தன் கடைசிப் படி மைனர் லீக் அணிக்கு மனேஜராகப் போட்டது. பதினெட்டு, பத்தொன்பது வயதுப் பொடியன்களை வைத்து ஆட்டுவிக்கிற வேலை. நல்லாச் செய்தான். கோடையில் அங்கே, குளிர்காலத்தில் தாய் தகப்பனின் வெக்ஸ்போர்ட் வீட்டில், கீழே பேஸ்மென்றில். இந்த மாசியிலும் வழக்கம்போலப் பயிற்சி முகாமுக்கென்றுதான் காரில் வெளிக்கிட்டான்.

பஸ்ரியன் வீட்டுக்குள் வந்தபோது வேரோனிக்கா குசினியில் மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். தவக்காலம், வீட்டில் இறைச்சி இல்லை.

"உமக்கு விஷயம் தெரியுமோ? உவன் றொபேட் செய்திருக்கிற வேலை?"

அவள் கத்தியை வைத்தாள். திரும்பவில்லை. அந்த முதுகைப் பார்த்ததும் பஸ்ரியனுக்கு விளங்கிவிட்டது.

"எப்ப சொன்னவன்?"

"போன கிழமை. நீங்கள் யூனியன் கூட்டத்துக்குப் போன நேரம் எடுத்தவன்."

"ஒரு கிழமையாத் தெரிஞ்சுகொண்டு எனக்குச் சோறு போட்டுக்கொண்டு இருந்திருக்கிறீர்."

"சொன்னால் என்ன செய்திருப்பியள்? கத்தியிருப்பியள். அவன் தானே சொல்லுறன் எண்டவன். சொல்லப் பயமெண்டும் சொன்னவன்."

"பயமோ? அங்கை போய் நிக்கப் பயமில்லை, எனக்குச் சொல்லப் பயமோ?"

அவள் மறுபடி மீனை எடுத்தாள். நாற்பது வருடம் ஒரே கூரைக்குக் கீழே இருந்தவள் தன்னிடம் ஒரு கிழமை மறைப்பாள் என்று அவர் நினைத்ததில்லை. கதிரையில் இருந்தார். சப்பாத்தைக் கழற்றவில்லை என்பதையும், குசினி நிலமெல்லாம் பனிச்சேறு என்பதையும் வேரோனிக்கா துடைக்கத் தொடங்கியபோதுதான் கண்டார்.

அதற்குப் பிறகு றொபேட் இரண்டு மூன்று தடவை ரெலிபோன் எடுத்தான். பஸ்ரியன் கையைக் காட்டிவிட்டு வெளியே போய்விடுவார். டோனற் கடைக்குப் போவதையும் நிறுத்தினார். பொடியன்கள் வாழ்த்துச் சொல்லி முடித்து, விஷயம் தெரிந்து, வாயைப் பொத்தியிருப்பார்கள் என்று அவருக்குத் தெரியும். ஓய்வுபெற்றவர்களின் யூனியன் கூட்டம் ஒன்று வந்தது. போய்க் கடைசி வரிசையில் இருந்தார். பழைய தோழர்கள் கை கொடுத்தார்கள், சுகம் விசாரித்தார்கள், குளிரைப் பற்றிக் கதைத்தார்கள். ஒருவரும் மகனைப் பற்றிக் கேட்கவில்லை. முந்தி எல்லாக் கூட்டத்திலும் அதுதான் முதல் கேள்வியாக இருக்கும்.

பங்குனி கடைசியில், பின்நேரம், கதவு மணி அடித்தது. திறந்தால் இராஜரட்ணம் நிற்கிறார்.

பஸ்ரியனுக்குக் கதவுப் பிடியிலிருந்து கை எடுபடவில்லை. இந்த மனிதரோடு ஒரே சீமெந்துத் தொழிற்சாலையில் வேலை செய்து, ஒரே வருடத்தில் இங்கே வந்து, ஒரே பட்டறையில் சேர்ந்தவர். 1979 மாரியில் இங்கத்தைத் தொழிற்சாலையில் நீண்ட வேலைநிறுத்தம் நடந்தது. வாசலில் தார்ப்பீப்பாவுக்குள் நெருப்பு மூட்டிக் குளிர் காய்ந்துகொண்டு எல்லாரும் மறியல் நின்றார்கள். ஒருநாள் காலை வாசலுக்குள் நுழைந்த கார்களில் ஒன்று இராஜரட்ணத்தினுடையது. பஸ்ரியன் அந்தக் காரின் மூக்கில் கையால் ஓங்கி அடித்து, மற்ற ஒருவருக்கும் விளங்காத தமிழில், "கருங்காலி" என்று கத்தினார். அதுதான் அவர்கள் இருவரும் கடைசியாகப் பேசியது. கலியாண வீடுகளில் கண்டால் ஆளுக்கொரு பக்கம் திரும்பிக்கொள்வார்கள்.

"உள்ளை வரச் சொல்லமாட்டியோ?" என்றார் இராஜரட்ணம். தலை முழுக்க நரைத்திருந்தது.

பஸ்ரியன் விலகி நின்றார். வேரோனிக்கா தேத்தண்ணி போடுகிறேன் என்று குசினிக்குள் மறைந்தாள்.

"சிரிக்க வந்தனியோ?" என்றார் பஸ்ரியன்.

"இல்லை. சிரிக்க வேணுமெண்டால் வீட்டிலை இருந்தே சிரிக்கலாம்." இராஜரட்ணம் கோட்டைக் கழற்றாமலே இருந்தார். "மகனோடை கதைக்கிறேல்லையாம் எண்டு கேள்விப்பட்டன். கேட்டனியோ அவனை, ஏன் போனனீ எண்டு?"

"என்னத்தைக் கேக்கிறது? போனது போனதுதானே."

"என்னையும் நீ கேக்கேல்லை."

பஸ்ரியன் எதிர்க் கதிரையில் இருந்தார்.

"ஊரிலை எழுபத்தேழு கலவரத்திலை தங்கச்சியின்ரை வீட்டை எரிச்சுப் போட்டாங்கள். மூண்டு பிள்ளையளோடை அகதி முகாமிலை கிடந்தவள். நான் இஞ்சை ஸ்பொன்சர் பண்ணியிருந்தனான். வேலையிலை நிக்கிறன் எண்டு காட்டச் சொல்லிக் கேட்டவங்கள். ஸ்ட்ரைக்கிலை நிக்கிறது வேலையிலை நிக்கிறது இல்லையாம். நான் உள்ளை போனன். அவள் வந்து சேந்தாள்."

"தவமணியோ?"

"வேறை ஆர்?"

தவமணியைத் தெரியாத தமிழ் வீடு ஸ்காபரோவில் இல்லை. கலியாணங்களுக்குப் பலகாரம் செய்து கொடுக்கிறவள். போன நத்தார்ப் பண்டிகைக்கு இந்த வீட்டுக்கு வந்த பயற்றம் பணியாரமும் அவள் கைதான். பஸ்ரியன் அதை ருசித்துச் சாப்பிட்டிருக்கிறார், இன்னும் இரண்டு வாங்கியிருக்கலாம் என்றும் சொல்லியிருக்கிறார்.

"ஏன் அப்பவே எனக்குச் சொல்லேல்லை?" என்று கேட்டார்.

"கார் கண்ணாடியை இறக்கினனான், சொல்லுவம் எண்டு. நீ அடிச்சனீ." இராஜரட்ணம் எழும்பினார். "நான் மன்னிப்புக் கேக்க வரேல்லை, விளங்குதோ? இண்டைக்கும் அப்பிடித்தான் செய்வன். உன்ரை மகன் என்ன நினைச்சுப் போனவனோ எனக்குத் தெரியாது. கேள் எண்டுதான் சொல்ல வந்தனான்."

தேத்தண்ணி வருவதற்கு முன்னே போய்விட்டார். வேரோனிக்கா இரண்டு கோப்பையும் கையுமாக வாசலில் நின்றாள். பஸ்ரியன் சுவரைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அந்தக் காரின் கண்ணாடி பாதி இறங்கியிருந்தது அவருக்கு இப்போது ஞாபகம் வந்தது. திமிரில் இறக்கியிருக்கிறான் என்றுதான் இவ்வளவு காலமும் நினைத்திருந்தார்.

அடுத்த நாள் அவர் தானாகவே புளோரிடா ஹோட்டலுக்கு ரெலிபோன் எடுத்தார். அணி வெளிக்கிட்டுவிட்டது, திங்கட்கிழமை முதல் ஆட்டத்துக்குப் பயணம் என்றார்கள். திங்கட்கிழமை மகன் மேஜர் லீக் களத்தில் குந்தப் போகிறான். யார் என்ன சொன்னாலும் அவன் பெயர் அந்த வரிசையில் ஏறிவிடும். அவருக்கு அதை நினைக்க வெட்கமாக இருந்தது. வெட்கத்துக்கு அடியில் வேறு ஏதோவும் இருந்தது. அதை அவர் கிளறிப் பார்க்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போய்வந்து, கார் றேடியோவைப் போட்டதும்தான் கேட்டார்கள். நீதிமன்றம் ஆட்டக்காரர் பக்கம் தீர்ப்புச் சொல்லிவிட்டதாம், யூனியன் வேலைக்குத் திரும்புகிறதாம், முதலாளிமார் ஒத்துக்கொண்டார்களாம். வேலைநிறுத்தம் முடிந்தது. பதில் ஆட்டக்காரர் எல்லாரையும் அனுப்பிவிடுகிறார்கள்.

பஸ்ரியன் காரை ஓரம் கட்டினார். தன் வாழ்நாளில் ஒரு யூனியன் வென்ற செய்தி கேட்டுக் கையைத் தட்டாமல் இருந்தது அதுதான் முதல் தடவை.

"அப்ப நாளைக்கு?" என்று கேட்டாள் வேரோனிக்கா.

"நாளைக்கு ஒண்டுமில்லை."

"விளையாடாமலே விட்டிட்டானோ?"

"விளையாடாமலே."

அவள் கையிலிருந்த செபப்புத்தகத்தைத் திறந்து மூடினாள். "ஆண்டவரே, ஒரு நாள். ஒரேயொரு நாள்" என்றாள். ஆண்டவரிடம் அந்த ஒரு நாளைக் கேட்கிறாளா, இல்லை அவரோடு சண்டை பிடிக்கிறாளா என்று பஸ்ரியனுக்குத் தெரியவில்லை.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் றொபேட்டின் கார் வந்து நின்றது. மேலெல்லாம் நெடுஞ்சாலைச் சேறு. கச்சர் சாமான் அடைத்த நீளப் பையைத் தோளில் போட்டுக்கொண்டு, நொண்டி நொண்டி வந்தான். முப்பத்தைந்து வயது. தாய் அவனைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதாள். தகப்பன் குசினி மேசையில் இருந்த இடத்தை விட்டு எழும்பவில்லை.

"பொடியள் காத்துக்கொண்டிருப்பாங்களே" என்றாள் வேரோனிக்கா. "உன்ரை ரீமுக்கு எப்ப திரும்பிப் போகவேணும்?"

"போகேலாது அம்மா. மனேஜர் வேலையை எனக்குக் கீழை நிண்ட கோச்சுக்குக் குடுத்திட்டாங்கள்."

"குடுத்திட்டாங்களோ? அவங்கள்தானே உன்னை விளையாடச் சொன்னவங்கள்."

"ஓம். இப்ப நான் நிண்டால் யூனியன்காரர் முகம் சுளிப்பினமாம். கொரிடோரிலை வைச்சுச் சொன்னவங்கள். தாங் யூ, றொபேட். அவ்வளவுதான்."

பதினேழு வருடம் உழைத்தவனைக் கொரிடோரில் வைத்து. தன் தொழிற்சாலையில் யாருக்காவது இப்படி நடந்திருந்தால் பஸ்ரியன் அன்றைக்கே மெஷின்களை நிற்பாட்டியிருப்பார். இவனுக்காக எதை நிற்பாட்டுவது? நிற்பாட்டுகிறவர்களின் முதுகில் குத்தியவனல்லவா இவன்?

"ஏன் போனனீ?" என்றார். மூன்று கிழமைக்குப் பிறகு மகனிடம் பேசிய முதல் வார்த்தை.

றொபேட் கோணல் விரல்களை மேசையில் விரித்து வைத்துக்கொண்டு யோசித்தான். தமிழில் சொல்ல அவனுக்குக் கொஞ்சம் நேரம் எடுக்கும்.

"முதல்லை அவங்கள் என்னைக் கேக்கேல்லை அப்பா. என்ரை பொடியளைத்தான் கேட்டவங்கள். நாலு பேர். நல்ல பிளேயேர்ஸ். நான் சொன்னால் கேப்பாங்கள், நீ போய்ச் சொல்லு எண்டாங்கள். இதுக்குள்ளை போனால் யூனியன் அவங்களை லைஃப் முழுக்கச் சேர்க்காது. இருபது வயசிலை முடிஞ்சுது. நான் ஏலாது எண்டிட்டன். பொடியளை ஒவ்வொருத்தராக் கூப்பிட்டு, ஆர் கேட்டாலும் ஓம் எண்டு சொல்லாதையுங்கோ எண்டு சொன்னனான்."

வேரோனிக்காவின் முகம் தெளிந்தது. "பாத்தியளோ" என்றாள் கணவனிடம். "பொடியளைக் காப்பாத்தத்தான் தான் போயிருக்கிறான். அதைச் சொல்லாமல் விட்டிட்டான்."

பஸ்ரியனுக்கும் நெஞ்சில் ஏதோ இளகியது. இராஜரட்ணம் சொன்னது சரிதான், கேட்டிருக்க வேண்டும். கையை நீட்டி மகனின் கையைத் தொடப்போனார்.

"இல்லை அம்மா" என்றான் றொபேட். "அப்பிடிச் சொல்லாதையுங்கோ. பொடியளை விடமாட்டன் எண்டது பொடியளுக்காக. பிறகு அவங்கள், எங்களுக்குக் கச்சரும் இல்லை, நீ வாறியோ எண்டு கேட்டவங்கள். நான் யோசிக்கவே இல்லை. ஓம் எண்டிட்டன். நான் போனது எனக்காக."

"உனக்கு அது பிழையெண்டு தெரியுமோ, தெரியாதோ?" பஸ்ரியன் கேட்டார்.

"தெரியும். பொடியளுக்குப் பிழையெண்டு சொல்லிப்போட்டு வந்துதானே கையெழுத்து வைச்சனான்."

"தெரிஞ்சுகொண்டுதான் செய்தனியோ?"

"ஓம் அப்பா. ஒரேயொரு பந்து பிடிச்சால் காணும் எண்டு இருந்தது. வேறை காரணம் இல்லை. இருந்தால் சொல்லுவன்."

பஸ்ரியன் நீட்டிய கை மேசையின் நடுவில் கிடந்தது. ஒரு பொய் சொல்லியிருக்கலாம் இவன். பாதிப் பொய்தான், தாய் அதை எடுத்தும் கொடுத்தாள். ஓம் அம்மா என்றிருந்தால் போதும், அவர் மன்னித்திருப்பார். ஊருக்கெல்லாம் தலையை நிமிர்த்திச் சொல்லியிருப்பார். அந்த வாசலை இவன் தானே இழுத்துச் சாத்திவிட்டான். யூனியன் வேலையில் எத்தனையோ பேரின் சாட்டுகளைக் கேட்டவர் அவர். பிள்ளைக்குக் காய்ச்சல், கார் பழுது, மனிசிக்குச் சுகமில்லை. சாட்டே இல்லாமல் ஒருவன் முன்னால் இருப்பதை அன்றைக்குத்தான் பார்த்தார். அவனை எங்கே பிடிப்பது, எங்கே அடிப்பது என்று அவருக்குத் தெரியவில்லை.

"நீ செய்தது கருங்காலி வேலை" என்றார். "நாளைக்குக் கேட்டாலும் அதைத்தான் சொல்லுவன்."

"தெரியும் அப்பா."

"சாப்பாட்டைப் போடும்" என்று வேரோனிக்காவிடம் சொல்லிவிட்டு எழும்பிப் போனார். வாசல் படியில் உப்புக் கொட்டத் தொடங்கினார். படியில் அன்றைக்குப் பனிக்கட்டி இருக்கவில்லை. வேரோனிக்கா சோற்றை எடுத்து வைத்தாள்.

அந்த வருடம் முழுக்க றொபேட் பேஸ்மென்றில் இருந்தான். ஒரு கிடங்கில் பாரம் தூக்குகிற போர்க்லிப்ற் ஓட்டினான். தகப்பனும் மகனும் சண்டை பிடிக்கவும் இல்லை, கதைக்கவும் இல்லை. பனி தள்ளியாச்சோ, கார்த் திறப்பு எங்கை, அம்மா கூப்பிடுகிறா. அவ்வளவுதான். பழைய நாலு பொடியன்களில் ஒருவன் ஒருநாள் ரெலிபோன் எடுத்து, றொபேட் வீட்டில் இல்லாததால் பஸ்ரியனோடு கதைத்தான். தான் அடுத்த படிக்கு ஏறிவிட்டதை மனேஜருக்குச் சொல்லச் சொன்னான். பஸ்ரியன் மனைவியிடம் சொன்னார், அவள் மகனிடம் சொன்னாள்.

டோனற் கடைக்கு அவர் மெல்ல மெல்லத் திரும்பினார். அந்த வருட நத்தாருக்கு முதல் நாள் தவமணி வீட்டுக்குத் தானே போய்ப் பலகாரம் வாங்கினார். அங்கே இராஜரட்ணம் இருந்தார். இருவரும் தலையை ஆட்டிக்கொண்டார்கள்.

1996 வசந்தத்தில் ஒன்ராறியோவின் சிறுபட்டணம் ஒன்றிலிருந்து ஓர் அணி றொபேட்டைத் தேடி வந்தது. மைனர் லீக்குக்கும் கீழே. பகலில் வேலைக்கோ பள்ளிக்கூடத்துக்கோ போய்விட்டு வார இறுதியில் ஆடுகிற பொடியன்கள். மனேஜரே பஸ்ஸையும் ஓட்ட வேண்டும். றொபேட் ஓம் என்றான். ஆடியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த அணி ரொறன்ரோவுக்கு, கிறிஸ்ரி பிற்ஸ் பூங்காவுக்கு ஆட வந்தது.

"நான் போறன்" என்றாள் வேரோனிக்கா பூசை முடிந்ததும். "நீங்கள் வாறதெண்டால் வாங்கோ, இல்லாட்டி என்னை வோர்டன் ஸ்ரேசனிலை இறக்கிவிடுங்கோ."

பஸ்ரியன் மடக்குக் கதிரை இரண்டையும் எடுத்துக்கொண்டு அவளோடு சப்வே ரெயினில் ஏறினார்.

கிறிஸ்ரி பிற்ஸ் பெரிய கிண்ணம்போல ஒரு பள்ளம். அடியில் ஆட்டக்களம், சுற்றிவரப் புல் மேடு. ரிக்கற் இல்லை, கதவு இல்லை. ஆட்கள் மேட்டில் படுத்திருந்தும் பிள்ளைகளை உருளவிட்டும் ஆட்டம் பார்த்தார்கள். கீழே றொபேட் தொப்பியைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு, யாரோ ஒருவனின் தோளைத் தட்டி, எதையோ சொல்லிச் சிரித்துக்கொண்டு நின்றான். பஸ்ரியன் அவனை மனேஜராகப் பார்ப்பது அதுதான் முதல் தடவை. அவன் சிரிப்பான் என்று அவர் எதிர்பார்க்கவில்லை.

ஆட்டம் நடுவில் போய்க்கொண்டிருந்தபோது அது நடந்தது. றொபேட்டின் பொடியன் ஒருவன் ஓடிவந்து, ஓட்டம் எடுக்கத் தொடவேண்டிய கடைசித் தட்டில் வழுக்கி விழுந்தான். அவுட் என்று நடுவர் கையைக் காட்டினார். ஓடியிருக்கவே கூடாத ஓட்டம், சுற்றியிருந்தவர்கள் எல்லாரும் 'ஓ' என்றார்கள். றொபேட் உள்ளேயிருந்து பாய்ந்து வந்தான். நடுவரின் மூக்குக்கு நேரே முகத்தை வைத்துக் கத்தினான். தொப்பியைக் கழற்றி நிலத்தில் அடித்தான், மண்ணைக் காலால் உதைத்தான். நடுவர் கையை வீசி அவனை வெளியேற்றிவிட்டார்.

பஸ்ரியன் வாயைப் பிளந்துகொண்டிருந்தார். றொபேட் சின்ன வயதில்கூட ஒருவரோடும் குரலை உயர்த்தியது கிடையாது. "என்னப்பா இது, குடிச்சிருக்கிறானோ" என்றாள் வேரோனிக்கா.

வெளியேற்றப்பட்டவன் களத்தில் நிற்கக்கூடாது. அங்கே போய் இருக்க அறையும் இல்லை. றொபேட் முள்ளுச் சப்பாத்தோடு மேட்டில் ஏறி, வழிவிட்டவர்களுக்கு நன்றி சொல்லிக்கொண்டு வந்து, தகப்பனின் கதிரைக்குப் பக்கத்தில் புல்லில் இருந்தான். மூச்சு வாங்கியது. தாய் ஒரு மீன் பற்றிஸை நீட்டினாள், வாங்கிக் கடித்தான்.

"அந்தாளுக்கு என்ன சொன்னனீ?" என்றார் பஸ்ரியன்.

"அம்மா இருக்கிறா. பிறகு சொல்லுறன்."

"பொடியன் அவுட் இல்லையோ?"

"அவுட்தான் அப்பா. நல்ல கிளீன் அவுட்."

"பிறகேன் சண்டை பிடிச்சனீ?"

"அவன் அழுமாப்போலை நிண்டவன். எல்லாரும் என்னைப் பாத்தால் அவனைப் பாக்க மாட்டினம்."

பஸ்ரியன் திரும்பி மகனைப் பார்த்தார். பிறகு கீழே வாங்கில் இருந்த அந்தப் பொடியனைப் பார்த்தார். பக்கத்திலிருந்தவன் ஏதோ சொல்ல, பொடியன் தண்ணிப் போத்தலோடு சிரித்துக்கொண்டிருந்தான். அந்தப் பங்குனி மாதத்தைப் பற்றிப் பஸ்ரியனின் எண்ணம் மாறவில்லை, இனி மாறப்போவதும் இல்லை. ஆனால் மகனிடம் கேட்க இன்னும் நிறைய இருக்கிறதுபோல அவருக்கு இருந்தது.

"இப்ப ஆர் ரீமைப் பாக்கிறது?"

"கோச். எறியிறவன் களைச்சுப் போனான், மாத்தவேணும். நான் தொப்பியைத் தொட்டால் மாத்துவான். அதுதான் சைகை." றொபேட் தலைக்குக் கையைக் கொண்டுபோனான். அங்கே தொப்பி இல்லை. அது கீழே மண்ணில் கிடந்தது.

பஸ்ரியன் பூசைக்குப் போட்டுவந்த தன் சாம்பல்நிறத் தொப்பியைக் கழற்றி, மகனின் தலையில் வைத்தார். கொஞ்சம் சின்னதாக இருந்தது.

"தொடு" என்றார்.

றொபேட் அதைத் தொட்டான். கீழே கோச் நிமிர்ந்து பார்த்தான், விளங்காமல் கையை விரித்தான். றொபேட் மறுபடி தொட்டான். வேரோனிக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கோச் கடைசியில் தலையை ஆட்டிவிட்டு, எறிபவனை மாற்றக் களத்துக்குள் நடந்தான்.